‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’: மறுபதிப்பில் இடம்பெறாத முதல் பதிவு

பிரிட்டிஷ் பாப் இசை இரட்டையரான பெட் ஷாப் பாய்ஸ் 2001-இல் தங்கள் முதல் ஆறு ஆல்பங்களையும் இரண்டிரண்டு குறுந்தகடுகளாக மறுபதிப்புச் செய்தார்கள். முதல் தட்டில் ஆல்பம். இரண்டாவது தட்டில் அதே காலத்து பி-பக்கப் பாடல்கள் (தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்தில் வந்தவை), நீண்ட மிக்ஸ்கள், டெமோ என்னும் முன்னோட்டப் பதிவுகள், வெளிவராமல் கிடந்தவை. இந்த இரண்டாவது தட்டுக்கு ‘ஃபர்தர் லிஸனிங்’ என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஆண்டுக் கணக்கையும் போட்டிருந்தார்கள். முதல் ஆல்பமான ‘ப்ளீஸ்’ உறையில் இருக்கும் கணக்கு 1984 முதல் 1986 வரை. அந்த 1984-ஆம் ஆண்டில் இவர்கள் பெயரில் கடைக்கு வந்தவை ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’, ‘ஒன் மோர் சான்ஸ்’ என்ற இரண்டு தனிப்பாடல் தட்டுகள். இரண்டுமே அந்தக் குறுந்தகட்டில் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத இசையைத் திரட்டிக் கொடுத்தவர்கள், தங்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாட்டின் முதல் பதிவை மட்டும் விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் நடுவே இது இன்றும் அடங்காத வழக்கு. ஒரு தரப்பு, அது வெறும் டெமோ, போனால் போகிறது என்கிறது. இன்னொரு தரப்பு, அதுதான் அசல், 1985-இல் மறுபடி பதிவாகிப் புகழ்பெற்றது மெருகு பூசிய நகல் என்கிறது. மூன்றாவது தரப்பு, இருவருக்கும் அந்தப் பதிவைப் பற்றிக் கூச்சம், அதனால்தான் மறைக்கிறார்கள் என்று சொல்கிறது. மூன்றும் தவறு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, பாட்டு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீல் டென்னன்டும் கிரிஸ் லோவும் 1981 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் இருந்த ஒரு மின்னணுப் பொருள் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். டென்னன்ட் பதிப்புத் துறையில் வேலை பார்த்தவர். அடுத்த ஆண்டு ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் இசைப் பத்திரிகையில் சேர்ந்தார். லோ பிளாக்பூல்காரர், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர். பயிற்சிக் காலத்தில் மில்டன் கீன்ஸ் நகரத்து தொழிற்பேட்டை ஒன்றுக்கு அவர் வரைந்து கொடுத்த படிக்கட்டைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர் பாட்டுக்கு மெட்டமைத்ததையும் படிக்கட்டு வரைந்ததையும் இணைத்துப் பேசுவோரும் உண்டு. அந்த அளவுக்கு நான் போகவில்லை.

கேம்டன் பகுதியில் ஒரு சிறிய ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டு இருவரும் டெமோ பதிவு செய்யத் தொடங்கினார்கள். டெமோ என்பது இங்கே விற்பனைக்கானதல்ல. பாட்டின் எலும்புக்கூட்டை நாடாவில் பிடித்து வைப்பது, பிறகு யாரிடமாவது போட்டுக்காட்டுவது, அவ்வளவுதான். ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ என்ற பாட்டு 1983-இல் அங்கே பிறந்தது. நிறையப் பணம் சம்பாதிப்போம் என்கிற ஒற்றை வரியை லோ சொல்லி, அதைச் சுற்றி வரிகளை எழுதச் சொன்னார், டென்னன்ட் எழுதினார். ‘ஜெலஸி’ அதற்கும் முந்தியது, 1982-ஐச் சேர்ந்தது. அது ஆல்பத்தில் ஏறியது 1990-இல்.

அதே 1983 ஆகஸ்டில் ‘போலீஸ்’ இசைக்குழுவைப் பற்றி எழுதுவதற்காகப் பத்திரிகை டென்னன்டை நியூயார்க்குக்கு அனுப்பியது. பத்திரிகை வேலை ஒருபக்கம் இருக்க, தன் சொந்தக் காரியம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். அவரும் லோவும் அப்போது பைத்தியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது பாபி ஆர்லாண்டோ தயாரித்த நடன இசைத்தட்டுகளை. ‘டிவைன்’, ‘தி ஃப்ளர்ட்ஸ்’ ஆகியோரின் தட்டுகளைச் செய்தவர் அவர். ரசிகர்களுக்குச் சுருக்கமாக பாபி ஓ. டென்னன்ட் அவரைச் சந்தித்து, மதியச் சாப்பாட்டின்போது, தனக்கும் ஒரு நண்பருக்கும் இசைக்குழு இருக்கிறது என்று சொன்னார். சேர்ந்து ஒரு தட்டுப் போடலாம் என்றார் பாபி ஓ. இசைத்துறையில் ஆண்டுக்கணக்கில் வாசல்படி தேய்பவர்கள் இதைக் கேட்டால் வயிறு எரியும்.

நியூயார்க்கின் யூனிக் ஸ்டூடியோவில் 1983-84-இல் சுமார் பன்னிரண்டு பாட்டுகள் பதிவாயின. ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’, ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’, ‘இட்ஸ் எ சின்’, ‘ஐ கெட் எக்சைட்டட்’, ‘டூ டிவைடட் பை ஸீரோ’, ‘ஒன் மோர் சான்ஸ்’ எல்லாம் இந்த மூட்டையில் அடக்கம். இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அடுத்த நான்கு ஆண்டுகளில் இவர்களைப் பெரிய நட்சத்திரங்களாக்கிய பாட்டுகளில் பாதி, எந்தப் பெரிய நிறுவனமும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கையில் இருந்தன. எழுதும் வேலை முடிந்துவிட்டிருந்தது. எப்படி ஒலிக்க வேண்டும் என்பதுதான் மீதி.

‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ வரிகளுக்குப் பல ஊற்றுகள். தொடக்க வரிகள், செத்துப்போவதே மேல் என்று தோன்றும் மனநிலை, கையில் துப்பாக்கி, இவை ஜேம்ஸ் காக்னி நடித்த பழைய குற்றப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் படுக்கும்போது டென்னன்டுக்குத் தோன்றியவை. பேசிக்கொண்டே பாடும் பாணி, கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் ‘தி மெஸேஜ்’ என்ற ராப் பாட்டிலிருந்து வந்தது. ஒரே பாட்டுக்குள் பல குரல்கள் மாறிமாறிப் பேசும் உத்திக்கு டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் ஜெனீவா ஏரியிலிருந்து ஃபின்லாந்து ஸ்டேஷன் வரை என்று ஒரு வரி வரும். சுவிட்சர்லாந்தில் நாடுகடந்து வாழ்ந்த லெனின் 1917-இல் ரயிலேறி பெட்ரோகிராடில் அந்த ஸ்டேஷனில் வந்து இறங்கிய பயணம் அது. லண்டனின் மேற்குப் பகுதி கடைகளும் நாடக அரங்குகளும் நிறைந்த பணக்கார இடம். கிழக்குப் பகுதி துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு. கிழக்கத்திப் பையன்கள் மேற்கத்திப் பெண்களைத் தேடிப் போகும் ஒரு சனிக்கிழமை இரவுக்குள் ரஷ்யப் புரட்சியையும் நுழைத்துவிட்டார். பாப் பாட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் உறுத்துவதில்லை, அதுதான் சாமர்த்தியம்.

பாபி ஓவுக்கு இந்தப் பாட்டின் மீது தனி மோகம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒரு ராப் தட்டு என்பது அவருடைய கனவு. கருவிகளில் பெரும்பகுதியை அவரே வாசித்தார். லோ வாசித்தது ஒரு கார்டும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பேஸ் வரியும் (அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுரம்) மட்டும்தான். முடிவில் ஜாஸ் சாயலில் ஒரு சிறு வாசிப்பு வரும், அதுவும் பாபி ஓவுடையது. வேகம் பிந்தைய பதிவைவிடக் கூடுதல். டிரம் முன்னால் வந்து நிற்கும். டென்னன்டின் குரல் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். வரிகளிலும் வேறுபாடு உண்டு. நிறுத்துவதும் இழுத்தடிப்பதும் திரும்பத் தொடங்குவதுமாக இருக்கிறாயே, நீ என்ன ஸ்டாலினா என்று கேட்கும் ஓர் இடம் இதில் இருக்கிறது. லெனின் பயணம் போனால் போதாதென்று ஸ்டாலினும் வந்தாயிற்று. இரண்டாவது பதிவில் லெனின் தப்பித்தார், ஸ்டாலினை வெட்டிவிட்டார்கள்.

1984 ஏப்ரலில் தட்டு வெளியானது. அமெரிக்காவில் பாபி ஓவின் பாப்கேட் லேபிள், பிரிட்டனில் எபிக் நிறுவனம். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ நடன விடுதிகளில் நன்றாக ஓடியது. பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஓரளவு. சொந்த நாடான பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 121-ஆம் இடம். அதாவது யாரும் கவனிக்கவில்லை.

பிறகு வந்தது ஒப்பந்தச் சிக்கல். பெரிய நிறுவனம் ஒன்றோடு சேர வேண்டுமானால் பாபி ஓவிடமிருந்து விடுபட வேண்டும். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1985 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. அதற்கு விலையாக, அடுத்து வரப்போகும் தட்டுகளின் வருமானத்தில் ஒரு பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். டாம் வாட்கின்ஸ் மேலாளரானார். ஈ.எம்.ஐ. குழுமத்தின் பார்லோஃபோன் லேபிள் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. டென்னன்ட் பத்திரிகை வேலையை விட்டார். இந்த மார்ச் மாதக் கையெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், 2001-இன் மறுபதிப்பில் நடந்தது எல்லாம் அதன் விளைவே.

பார்லோஃபோனின் முதல் தட்டு ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1985 ஜூலையில் ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ வந்தது. தயாரித்தவர்கள் ‘ஆர்ட் ஆஃப் நாய்ஸ்’ குழுவின் ஜே.ஜே. ஜெசாலிக்கும் நிக்கலஸ் ஃப்ரூமும். அன்றைய லண்டனில் சாம்ப்ளர் கருவியை (பதிவான ஒலிகளை விசையில் மறுபடி வாசிப்பது) கரைத்துக் குடித்தவர்கள் என்றால் இந்தக் கூட்டம்தான். தட்டு 116-ஆம் இடத்தோடு நின்றது. எபிக் காலத்தைவிட ஐந்து படி மேல்; அவ்வளவே முன்னேற்றம்.

அடுத்த முயற்சிக்கு ஸ்டீஃபன் ஹேக்கை அழைத்தார்கள். அமெரிக்கர். மால்கம் மெக்லாரனின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’ தட்டில் ஓபராவையும் நடனத் தாளத்தையும் ஒட்டவைத்தவர். அதைக் கேட்டுத்தான் இவரைத் தேர்ந்தார்கள். பழைய பாட்டை லண்டன் ஆட்விஷன் ஸ்டூடியோவில் முதலிலிருந்து மறுபடியும் பதிவு செய்தார்கள். பாபி ஓவின் நாடாவிலிருந்து எதையும் வெட்டி ஒட்டவில்லை. இந்த இடத்தில் விஷயம் தெரிந்த ரசிகர்களே தடுமாறுகிறார்கள். இது ரிமிக்ஸ் அன்று, மறுபதிவு. எழுதிய பாட்டு ஒன்று, ஒலிப்பதிவு வேறு.

ஹேக் செய்ததை அருகிலிருந்து கேட்டுப் பார்க்கலாம். முதலில் இசையே இல்லை. ஸ்டூடியோவுக்கு வெளியே தெருவில் பிடித்த ஓசை: நடக்கும் காலடி, வாகன இரைச்சல். அதன் அடியிலிருந்து சிந்தசைசரில் எழுப்பிய தந்தி ஒலிகள் மெல்லக் கிளம்புகின்றன. எந்த அவசரமும் இல்லாமல் டிரம் வருகிறது. பிறகு பேஸ். அந்த பேஸ் வரிதான் பாட்டின் முதுகெலும்பு. ஹேக் அதற்கு மேலே ஏறி உட்கார எதையும் அனுமதிக்கவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகே டென்னன்ட் வாயைத் திறக்கிறார். குரல் காதோரம் பேசுவது போல நெருங்கி நிற்கிறது. 1984 பதிவில் அது ராப் பாட முயலும் குரல். 1985-இல் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கும் ஒருவனின் குரல். ஹெலினா ஸ்ப்ரிங்ஸ் என்ற பாடகியின் பின்னணிக் குரல் இடையிடையே கனத்தைக் கூட்டுகிறது. பாதிக்கு மேல் ஒரு டிரம்பெட் ஒலிக்கும். அதை ஊதியவர் யாருமில்லை. எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் அடைத்து வைத்த டிரம்பெட் ஒலியை விசைப்பலகையில் வாசித்தது. உண்மையான ஊதல்காரர் எடுக்கும் மூச்சு அதில் இல்லை. அந்தக் குறை பாட்டின் குளிருக்குப் பொருந்திப்போகிறது.

வேகத்தைக் குறைத்தது ஹேக்கின் பெரிய முடிவு. வேகம் குறைந்ததும் வரிகளுக்கிடையே இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில்தான் நகரம் தெரிகிறது. பாபி ஓ பதிவில் நீங்கள் நடன விடுதிக்குள் இருக்கிறீர்கள். ஹேக் பதிவில் விடுதிக்கு வெளியே, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நிற்கிறீர்கள். பாட்டின் வரிகள் இரண்டாவது நிலைக்குத்தான் எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது எழுதியவருக்கே முதலில் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். முதல் பதிவு இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது.

1985 அக்டோபர் இறுதியில் வெளியான தட்டு மெதுவாக ஏறி, 1986 ஜனவரியில் பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்து இரண்டு வாரம் இருந்தது. மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம். 1986 மார்ச்சில் ‘ப்ளீஸ்’ ஆல்பம் வந்தது. கடையில் போய், ‘பெட் ஷாப் பாய்ஸ் ஆல்பம், ப்ளீஸ்’ என்று கேட்கட்டும் என்பதற்காக வைத்த பெயர். உறை முழுக்க வெள்ளை. நடுவில் தபால்தலை அளவுக்குக் கழுத்தில் துண்டு போட்ட இருவர். ஆல்பத்தின் முதல் பாட்டு ‘டூ டிவைடட் பை ஸீரோ’. அதில் பேசும் கால்குலேட்டர் ஒன்றின் குரல் வரும். அதுவும் நியூயார்க் மூட்டையிலிருந்து வந்த பாட்டுதான். இன்னொரு தகவல்: 2020-இல் ‘கார்டியன்’ நாளிதழ் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டுகளில் மிகச்சிறந்தவை என்று நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது, உச்சியில் வைத்தது ஹேக்கின் இந்தப் பதிவை.

இப்போது அந்த மூன்று தரப்புகளுக்கு வருவோம்.

முதல் பதிவு டெமோ என்பவர்கள் சொல்லை அளந்து பயன்படுத்தவில்லை. கேம்டனில் பதிவானவை டெமோ. நியூயார்க்கில் பதிவானவற்றிலும், வெளிவராதவற்றை டெமோ என்று அழைப்பதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ இரண்டு கண்டங்களில் விலைக்கு விற்கப்பட்டது. தயாரிப்பாளர் ஒருவர் தன் ரசனைப்படி முடித்து, நடன விடுதிக்கென்று 12 அங்குலத் தட்டாக வெட்டி வெளியிட்ட முழு ஆக்கம் அது. பிறகு வந்தது பிரபலமானதால் முன்னால் வந்தது ஒத்திகை ஆகிவிடாது.

அசல் இதுவே என்பவர்களின் வாதம் கேட்க இனிமையாக இருக்கும். கரடுமுரடு, நியூயார்க், இளமை. பழையது என்பதால் உண்மையானது என்ற நம்பிக்கை இசை ரசிகர்களிடம் மிகுதி. டெமோ வேட்டைக்காரர்களிடம் அது கிட்டத்தட்ட மதம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். 1984 பதிவில் பாபி ஓவின் கைரேகை அளவுக்கு இரட்டையரின் கைரேகை இல்லை. ஒரு கார்டும் ஒரு பேஸ் வரியும் வாசித்த லோவை, ‘ப்ளீஸ்’ ஆல்பத்தின் ஒலியைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய லோவோடு ஒப்பிடுங்கள். இவர்கள் இவர்களாக ஆனது இரண்டாவது பதிவில்தான். அந்தத் தட்டு நன்றாக இருக்கிறது, விடுதியில் போட்டால் இன்றும் ஆடலாம். ஆனால் அது பாபி ஓவின் தட்டு.

மூன்றாவது தரப்புக்கு, அதாவது கூச்சத்தால் மறைக்கிறார்கள் என்பதற்கு, அந்தக் குறுந்தகடே பதில் சொல்கிறது. பட்டியலைப் பாருங்கள். 116-ஆம் இடத்தில் கவிழ்ந்த 1985-இன் ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ பதிவு அதில் இருக்கிறது. அதுவும் 7 அங்குல மிக்ஸ், 12 அங்குல மிக்ஸ் என்று இரண்டு வடிவில். தோல்வியைக் காட்ட வெட்கப்படுகிறவர்கள் அதை இருமுறை காட்டுவார்களா? ‘எ மேன் குட் கெட் அரெஸ்டட்’ என்ற பாட்டும் பாபி ஓ காலத்ததுதான். அதுவும் இரண்டு வடிவில் இருக்கிறது, இரண்டுமே பார்லோஃபோன் காலத்துப் பதிவுகள். ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தின் இரண்டாம் தட்டைத் திறந்தால் முதலில் வருவது ‘ஐ கெட் எக்சைட்டட்’. மீண்டும் நியூயார்க் மூட்டை, மீண்டும் புதிய பதிவு. ‘இட்ஸ் எ சின்’, ‘ஒன் மோர் சான்ஸ்’ இரண்டும் புதுப்பதிவாகவே 1987-இன் ‘ஆக்சுவலி’ ஆல்பத்தில் ஏறின. முன்னது மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆக, அந்தக் காலத்துப் பாட்டுகளுக்குத் தடையில்லை. அந்தக் காலத்து நாடாக்களுக்குத்தான் தடை.

இங்கே சட்டத்தின் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பாட்டு எழுதியவருக்கு ஓர் உரிமை. அதை ஒலிப்பதிவு செய்து முதலிட்டவருக்கு வேறோர் உரிமை. டென்னன்டும் லோவும் பாபி ஓவிடமிருந்து பிரிந்தபோது பாட்டைக் கையோடு எடுத்துவந்தார்கள், திரும்பப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவு பார்லோஃபோன் பணம் போட்டு எடுத்ததன்று. அதைத் தன் குறுந்தகட்டில் சேர்க்க வேண்டுமானால் அந்த நிறுவனம் வெளியாரிடம் உரிமம் வாங்க வேண்டும், விலை பேச வேண்டும். ஏற்கெனவே பிரிவினைக்காக வருமானத்தில் பங்கு கொடுத்தவர்கள், இன்னொரு முறை அதே வாசலுக்குப் போக விரும்பாததில் வியப்பில்லை. ‘1984’ என்று உறையில் எழுத யாரும் காசு கேட்பதில்லை. அந்த ஆண்டின் ஒலியைக் கொடுப்பதற்குத்தான் செலவு.

இதனால் இழப்பு யாருக்கு? டெமோக்களைக் கேட்டு ஒரு தயாரிப்பாளரின் வேலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு. இந்த மறுபதிப்பு வரிசையின் தலைசிறந்த பகுதியே அதுதான். ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ காலத் தட்டில் ‘டாமினோ டான்சிங்’ டெமோ இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, மியாமிக்குப் பறந்து லூயிஸ் மார்ட்டினே கையில் கொடுத்துச் செய்த 1988 பதிவைக் கேளுங்கள். டெமோவில் மெட்டு முழுசாக இருக்கிறது. மியாமி அதற்கு வெயிலைக் கொண்டுவந்து சேர்த்தது. லத்தீன் தாளம், பித்தளை ஊதல், கிதார். எது எழுதியவர்களுடையது, எது தயாரிப்பாளருடையது என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

பிறருக்காகச் செய்த டெமோக்கள் இன்னும் சுவையானவை. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுக்காக ‘நத்திங் ஹாஸ் பீன் ப்ரூவ்ட்’, லைஸா மினெல்லிக்காக ‘ஸோ ஸாரி, ஐ ஸெட்’, டினா டர்னருக்காக ‘கான்ஃபிடென்ஷியல்’, கைலி மினோகுக்காக ‘ஃபாலிங்’. நான்கிலும் பாடுவது டென்னன்ட். அந்தப் பெரிய பாடகிகளின் தொண்டைக்கென்று எழுதிய வரியை அவருடைய மெல்லிய, உலர்ந்த குரல் தாங்கி நிற்பதைக் கேட்கும்போது, எழுத்தின் கட்டுமானம் அப்படியே தெரிகிறது. டஸ்டியின் பதிவை முன்பே அறிந்தவர்களுக்கு இந்த டெமோ ஓர் அதிர்ச்சி: அவர் மூச்சை எங்கே நிறுத்துவார் என்பதுகூட டென்னன்ட் ஏற்கெனவே யோசித்து வைத்தது போல இருக்கிறது. உறைப் புத்தகத்தில் பாட்டு பாட்டாக கிரிஸ் ஹீத் கேள்வி கேட்க இருவரும் பதில் சொல்கிறார்கள். டென்னன்ட் விவரங்களைக் கொட்டுவார். லோ ஒரு வரியில் அதன் காற்றைப் பிடுங்குவார். பெரும்பாலான குழுக்களின் மறுபதிப்புகளில் ஏதோ பல்கலைக்கழக ஆய்வாளர் எழுதியது போன்ற புகழுரைதான் இருக்கும். இந்தப் புத்தகங்களை நான் இசை இல்லாமலேகூடப் படிப்பேன்.

இப்படிப்பட்ட வரிசையில் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாட்டுக்குக் கிடைத்திருப்பது டான்ஸ் மிக்ஸ் ஒன்றுதான். பாபி ஓ பதிவு பக்கத்தில் இருந்திருந்தால் ஹேக்கின் மேதைமை இன்னும் பளிச்சென்று விளங்கியிருக்கும். இல்லாததால், பாட்டு ஆட்விஷன் ஸ்டூடியோவில்தான் பிறந்தது என்று புதிதாகக் கேட்க வருகிறவர் நினைத்துக்கொள்கிறார். இது பாபி ஓவுக்கு மட்டுமல்ல, ஹேக்குக்கும் செய்யும் அநியாயம். எதிலிருந்து எதைக் குறைத்தார் என்று தெரியாமல் குறைத்தவரை எப்படிப் பாராட்டுவது?

1995-இல் பி-பக்கப் பாடல்களைத் தொகுத்த ‘ஆல்டர்நேட்டிவ்’ வந்தபோதும் 1984 தட்டின் மறுபக்கத்துக்கு இடமில்லை. 2013-இல் பார்லோஃபோன் ஈ.எம்.ஐ.யிடமிருந்து வார்னர் குழுமத்துக்குக் கைமாறியது. 2018-இல் ‘ப்ளீஸ்’ மறுபடியும் ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தல்) செய்யப்பட்டு வந்தது. ‘ஃபர்தர் லிஸனிங்’ தட்டின் பட்டியல் பழையபடியே. ரீமாஸ்டர் பற்றி ரசிகர்கள் போடும் சண்டை தனி. ஒலியளவைத் தூக்கும்போது மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் குறைந்துவிடும் என்பது அவர்கள் குறை. ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ போல மௌனத்திலிருந்து எழும் பாட்டில் அந்தத் தூரம்தான் முக்கியம் என்பதால், முதல் குறுந்தகட்டை விற்காமல் வைத்திருப்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அரை டெசிபலுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறவர்கள், ஒரு முழுப் பதிவே காணவில்லை என்பதற்கு அதே சத்தம் போட்டிருக்கலாம்.

காலம் தாழ்த்தி டெமோக்களை வெளியிடுவதில் இருவருக்கும் தயக்கமில்லை. ‘சூப்பர்’ ஆல்பத்துக்காக 2015-இல் எழுதி ஒதுக்கி வைத்த நான்கு பாட்டுகளை, டெமோ வடிவிலேயே, 2023-இல் ‘லாஸ்ட்’ என்ற சிறு தட்டாகத் தங்கள் ஆண்டுப் புத்தகத்தோடு கொடுத்தார்கள். அவை அவர்களுடைய சொந்த நாடாக்கள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1984 பதிவை வாங்க நினைப்பவருக்கு இன்றைக்கு நேர்வழி, பாப்கேட் அல்லது எபிக் வெளியிட்ட பழைய தட்டைத் தேடுவது. உறையிலோ தட்டின் நடுவட்டத்திலோ தயாரிப்பாளர் பெயரைப் பார்க்க வேண்டும். ஹேக் என்றிருந்தால் அது வேறு. அச்சு அழிந்திருந்தால் ஊசியை வைத்துக் கேட்டுவிடலாம். தெருவின் காலடி ஓசையில் தொடங்கினால் 1985. ஸ்டாலின் பெயர் காதில் விழுந்தால் 1984.